அண்ணாச்சி உள்ளே, கபடி மேலே

முதலில் அண்ணாச்சியை மடிக்க வேண்டும், அப்புறம்தான் கபடியை. வரிசை மாறினால் காரியம் கெட்டது. சுயம்புக்கனி அச்சடித்து வந்த நோட்டீஸ் தாள் ஒன்றை மேஜைமேல் விரித்து, ஒரு ஓரத்தைத் தூக்கி நடுவுக்கு மேல் சாய்த்தாள். போட்டியின் புரவலர் ஆதிலிங்கம் அண்ணாச்சி, வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாகப் படத்தில் சிரித்துக்கொண்டு மேலே வந்தார். மறு ஓரத்தைத் தூக்கி அவர்மேல் மூடினாள். அண்ணாச்சி உள்ளே போனார், கபடி என்ற எழுத்து மேலே வந்தது. ஸ்கேலின் விளிம்பால் மடிப்பின்மேல் ஒரு இழுப்பு. அடுத்த தாள். எதிரே உட்கார்ந்திருந்த மரிய புஷ்பம், அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவள், இவள் ஒன்று மடிப்பதற்குள் மூன்று மடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புஷ்பக்கா மடித்தாள், வைத்தாள். சுயம்புக்கனியோ மடித்ததைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தலையை ஒருக்களித்து, ஒவ்வொன்றையும் அப்போதுதான் முதல்தடவை பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே மை. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. “ஏட்டி கனி, நீ நோட்டீஸ் மடிக்கியா, சாமி கும்பிடுதியா?” என்று புஷ்பக்கா கேட்டாள். “ரெண்டுந்தான்க்கா” என்று சொல்லிச் சிரித்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று, ஏனென்றால் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டுவிட்டது. சாயங்காலம் லிங்கதுரை வருவார். பனைவிளை நண்பர்கள் கபடிக் குழுவின் செயலாளர். வந்து ஒன்றைக் கையில் எடுப்பார். முகப்பில் அண்ணாச்சி இல்லை என்பதைப் பார்ப்பார். அதற்கப்புறம் என்ன என்பதுதான் தெரியவில்லை. இப்படியே போகட்டும் என்று சொன்னால், நாளைக்குக் களத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் அவள் எழுதிய எழுத்து முன்னால் இருக்கும். மாற்று என்று சொன்னால் இந்த அடுக்கு மொத்தமும் பழைய பேப்பர் கடைக்குப் போகும், அண்ணாச்சி முகப்புக்கு வருவார், அவள் இனிமேல் இந்த அச்சகத்தில் எதையும் கையால் வரையப் போவதில்லை. அப்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள்.

கையால் வரைவது என்ன பெரிய காரியம் என்று கேட்கிறவர்கள் அச்சகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். திசையன்விளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்த அச்சகத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவள் செய்துவந்தது வெட்டி ஒட்டுகிற வேலை. சடங்கு வீடா, ஒரு ஊஞ்சல், இரண்டு மயில். கண்ணீர் அஞ்சலியா, ஒரு குத்துவிளக்கு, மேலே இரண்டு அழுகிற கண். கடை திறப்பா, சிவப்பு ரிப்பன். எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும்; தலையை மட்டும் மாற்ற வேண்டும். காதுகுத்துக்கு வருகிற மாமன்மார் ஒரு டஜன் பேர் தலையைக் கழுத்தோடு நறுக்கி வட்டத்துக்குள் உட்கார்த்தி, ஒருத்தர் வட்டம் இன்னொருத்தர் வட்டத்தைவிடக் கடுகளவு பெரிதாகிவிட்டால் அந்தக் குடும்பத்தில் நடக்கிற சண்டைக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். எழுத்தும் அப்படித்தான். யாரோ எங்கேயோ வரைந்த க, யாரோ வரைந்த ப. பட்டியலில் தேடி எடுத்து, கொஞ்சம் சாய்த்து, பின்னால் ஒரு நிழல் போட்டால் ஆயிற்று. லிங்கதுரை போன மாதம் வந்து, “இந்த வருசம் பொம்பளப் பிள்ளைகளுக்கு கபடி வைக்கோம் பாத்துக்கோங்க, முதல் தடவ, நோட்டீஸு மூணா மடிக்க மாதிரி வேணும், ஒரு லோகோவும் வேணும், நெட்டுல ஏதாவது எடுத்துப் போட்ருங்க” என்றபோது, “நெட்டுல வேண்டாம்ணே, நானே எழுதித் தாரேன்” என்று ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்று தெரிய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் பயம் வந்தது. எழுதித் தாரேன் என்றால் எதை எழுதுவது?

சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் தாள்களின் பின்பக்கம் மார்க்கரால் எழுதிப் பார்த்தாள். க, ப, டி. மூன்றே எழுத்து. எழுத எழுத அது வெறும் கபடியாகவே இருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதியிருக்குமே, அந்தக் கபடி. டி-யின் மேல்வளைவை ஒரு கையாக நீட்டிப் பார்த்தாள். கை பிச்சை கேட்கிற மாதிரி வந்தது. விரல் வைத்துப் பார்த்தாள், இன்னும் மோசம். ஒருநாள் வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பனைவிளைக் களத்தில் பிள்ளைகள் பழகுவதைப் போய்ப் பார்த்தாள். செம்மண், சுண்ணாம்புக் கோடு, ஓரத்தில் குவித்துப் போட்ட செருப்புகள். பாடிக்கொண்டு போன பிள்ளை ஒல்லிக்குச்சி; எதிரே ஏழு பேர் இடுப்பை வளைத்துக் கை கோத்து நிற்கிறார்கள். கையை வீசுவாள், கையை வீசுவாள் என்று இவள் பார்த்துக்கொண்டே இருக்க, அந்தப் பிள்ளை திரும்பிப் போகிறவள் மாதிரி முதுகைக் காட்டி, அப்படியே பின்னங்காலை வீசினாள் பாருங்கள், உடம்பு முழுக்க முன்னால் கிடக்கிறது, கால் மட்டும் பின்னால் நீண்டுகொண்டே போகிறது, கட்டைவிரல் நுனி ஒருத்தியின் தோளுக்கு வந்துவிட்டது. தொட்டதா இல்லையா? களம் முழுக்கக் கத்தியது. சுயம்புக்கனிக்கு அப்போதுதான் பிடிபட்டது. கை இல்லை, கால்! எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறோம்! அங்கேயே நின்று கைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினாள். க குனிந்து நிற்கிறவள். ப நடுவில் காலிக் களம். டி-தான் பாடிப் போனவள். அவளுடைய மேல்வளைவு பின்னால் நீண்டு, ப-வின் தலைக்கு மேலே போய், க-வின் தோளுக்கு ஒரு நூலளவு தள்ளி நிற்கிறது. ஒட்டவில்லை. ஒரு நூல். அந்த ஒரு நூல் இடைவெளியில் மொத்த ஆட்டமும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பஸ் டிக்கெட்டில் எழுதியது, வீட்டுக்கு வந்து பார்த்தால் மை அப்பிக் கிடந்தது, ஆனால் கைக்கு வழி தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை எழுதினாள் என்று கணக்கில்லை, ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பிடித்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிக் கோடுகளைச் சரிபண்ணி முடித்த அன்றைக்குத் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். இது என்னுடையது. இந்த ஊரில் வேறு யாருக்கும் வராது. மதுரையிலும் வராது. அப்படி நினைத்ததற்கு உடனே கொஞ்சம் வெட்கப்பட்டாள், கொஞ்சம்தான்.

அண்ணாச்சி உள்ளே, கபடி மேலே. ஸ்கேல் இழுப்பு. நூல் இடைவெளி இருக்கிறதா? இருக்கிறது. இதுவும் ஒரு பயம். மெஷினில் முதல் சில தாள்கள் வந்தபோது மை கூடிப்போய் அந்த இடைவெளி அடைத்துக்கொண்டது; கால் தோளில் ஒட்டிக் கிடந்தது, ஏதோ மரக்கிளை மாதிரி. மெஷின்காரர், “இது யாரு கண்ணுக்கும்மா தெரியப்போவுது?” என்றார். “என் கண்ணுக்குத் தெரியுதுல்லா” என்று இவள் பக்கத்திலேயே நின்று மையைக் குறைக்கச் சொன்னாள். குழுக்காரர்களுக்கும் அந்த நூல் இடைவெளி பிடிக்கவில்லை. லிங்கதுரை வாட்ஸப்பில் குரல் அனுப்பினார், “எழுத்து நல்லாருக்கும்மா, ஆனா அந்த வளைவு க-மேல முட்டல பாத்தியளா, விட்டுப் போச்சுன்னு நெனைக்கேன், ஒட்டவச்சிருங்க.” ஒட்டவைப்பதாம். ஒட்டவைத்தால் ஆட்டம் முடிந்ததே! அண்ணாச்சியின் மகன் சென்னையிலிருந்து அதற்கு மேலே ஒருபடி போய், எல்லாம் சரி, பந்து எங்கே என்று கேட்டிருந்தான். கபடிக்குப் பந்து! இதைப் படித்த அன்றைக்குப் புஷ்பக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ப-வுக்குள்ளே ஒரு தேங்காயை வைத்து அனுப்பு என்றாள். சுயம்புக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற விஷயம்தான் நடந்துவிடும் என்று அவளுக்கு அனுபவம் உண்டு. பந்தை வை என்று நாலு பேர் சொன்னால் பந்து வந்துவிடும், அதற்குத் தீப்பிடிக்கும், பின்னால் ஒரு புலி வாயைப் பிளக்கும். நல்லவேளை லிங்கதுரை ஒரு காலத்தில் களத்தில் இறங்கி முட்டியை உடைத்துக்கொண்ட ஆள். பந்துப் பேச்சை அவரே அமுக்கிவிட்டார். நூல் விஷயத்தில் இவள், “அது அப்படித்தாம்ணே இருக்கணும்” என்று ஒரே வரி அனுப்பினாள். அவர் பதில் போடவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அச்சகத்து வழக்கம்.

ஆனால் அதற்கு அடுத்து வந்த செய்திக்கு அவள் அனுப்பிய பதில் அவ்வளவு நேர்மையானது இல்லை. இங்கேதான் எண்ணம் போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது. எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கே வந்து நிற்கிறது. நடந்தது இதுதான். முகப்பில் புரவலர் படம் என்பது ஊர் வழக்கம், அதை மீறுகிற எண்ணமே அவளுக்கு ஆரம்பத்தில் இல்லை. மூன்றாக மடிக்கிற தாளை விரித்துப் போட்டால், வெளிப்பக்கத்தில் வலது ஓரம்தான் முகப்பு. இடது ஓரம் உள்ளே மடிந்து போகிற பக்கம். அவள் ஒழுங்காக, வருத்தத்தோடுதான், ஆனால் ஒழுங்காக, அண்ணாச்சியை வலது ஓரத்தில் வைத்து, தன் கபடியை இடது ஓரத்தில் உள்ளே போகிற இடத்தில் வைத்து, விரித்த தாளாகவே வாட்ஸப்பில் அனுப்பிவைத்தாள். லிங்கதுரை போனில் பார்த்தார். போனில் ஏது மடிப்பு? கொஞ்ச நேரத்தில் பதறிப்போய்க் குரல் வந்தது. “யம்மா, என்ன இது, அண்ணாச்சியக் கொண்டுபோய் கடேசில போட்டுட்டிய! அவுக பாத்தா கொலவெறி ஆயிருவாவ. முத ஆளா இடது பக்கம் கொண்டாங்க. அந்த எழுத்தத் தூக்கி அண்ணாச்சி இருந்த எடத்துல போடுங்க.” அவள் அதை இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். அண்ணாச்சி முகப்பில்தான் இருக்கிறார், நீங்கள்தான் அவரை உள்ளே தள்ளச் சொல்லுகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். ‘அண்ணே, மடிச்சா’ என்று வாட்ஸப்பில் அடித்தாள். கட்டைவிரல் அங்கேயே நின்றது. மடிச்சா... மடிச்சா என்ன? அழித்தாள். ‘நீங்க சொன்ன மாதிரியே செய்றேன் அண்ணே’ என்று அனுப்பினாள். அனுப்பும்போது தயங்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

பொய் சொன்னாளா? சொல்லவில்லை. இடது பக்கம் கேட்டார், இடது பக்கம் கொடுத்தாள். கேட்டதைக் கேட்டபடி செய்தவளை யார் என்ன சொல்ல முடியும்? சொல்ல முடியும். ஏனென்றால் எந்த மடிப்பு வேலை என்றாலும் ஒரு சின்னத் தாளை மடித்து, இது முன்பக்கம், இது உள்ளே, இது பின்னால் என்று பேனாவால் குறித்து, வாடிக்கையாளர் கையில் கொடுப்பது அவள் வழக்கம். கல்யாண வீட்டுக்காரர் எழுதப்படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் அந்தத் தாளைப் பார்த்தால் புரிந்துவிடும். இந்தத் தடவை மட்டும் அவள் அதைச் செய்யவில்லை. மறந்துவிட்டதா? மறக்கவில்லை. ஒரு தாளை எடுத்தாள், மடித்தாள், குறிக்கப் பேனாவை எடுத்தாள், அப்புறம் அதைக் கசக்கிக் கூடையில் போட்டாள். போட்டவள் அவள்தான். அச்சக முதலாளி தேவஇரக்கம் சார் இன்றைக்கு நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். போகும்போது, “நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை நினைத்தால்தான் உறுத்துகிறது. அவர் திட்ட மாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, இனிமேல் இருக்கிறதையே போடு, எதுக்கு வம்பு” என்பார். இருக்கிறதையே. ஊஞ்சல், மயில், அழுகிற கண்.

“ஏட்டி, இந்த அண்ணாச்சி பக்கம் மட்டும் ஏன் ஒடுக்கமா இருக்கு? வெட்டும்போது கோணிட்டா?” என்று புஷ்பக்கா கேட்டாள். கோணவில்லை. உள்ளே போகிற பக்கத்தைக் கொஞ்சம் குறைத்து வெட்டினால்தான் அது மடிப்பில் இடிக்காமல் போய் உட்காரும்; இல்லையென்றால் தாள் புடைக்கும். புஷ்பக்காவுக்கே இது தெரியும், சும்மா வாயைக் கிளறுகிறாள். “அண்ணாச்சி எளைச்சிட்டாவ” என்றாள் சுயம்புக்கனி. சொல்லிவிட்டு ஒன்றை முழுக்கப் பிரித்துப் பார்த்தாள், பயத்தை மறக்க அதுதான் வழி. உள்பக்கம் முழுவதும் ஒரே களம். செம்மண் நிறம், நடுப்பக்கத்தின் நடுவே கோடு, இரண்டு மடிப்பும் வருகிற இடத்தில், பாடிப் போகிறவள் கட்டாயம் தாண்ட வேண்டிய இரண்டு கோடுகள். அளவு முன்னப்பின்ன இருக்கும், கபடி நடுவர் யாராவது ஸ்கேல் வைத்துப் பார்த்தால் உதைக்க வருவார். இருக்கட்டும். இடது பக்கம் ஒரு பிரிவு அணிகள், வலது பக்கம் மறு பிரிவு அணிகள், நடுக்கோட்டில் இறுதிப் போட்டி. மடிப்பைத் தடவினால் விரலுக்கே கோடு தட்டுப்படும். முன்னிலை வகிப்போர் என்று லிங்கதுரை கொடுத்த அந்த ரயில்வண்டிப் பட்டியலை, ஒருத்தர் பெயரும் விடாமல், களத்துக்கு வெளியே பின்பக்கத்தில் பார்வையாளர்கள் மாதிரி உட்கார்த்தியிருந்தாள். யாராவது இதைக் கவனிப்பார்களா? விரிக்கிற ஒரு பிள்ளையாவது, ஏ இது நம்ம களம்லா என்று சொல்லுமா? சொல்லாவிட்டாலும் போகிறது. பெருமை என்றால் வயிற்றுக்குள் இப்படித்தான் இருக்கும் போல, பசி மாதிரியும் இருக்கிறது, சாப்பிட்ட மாதிரியும் இருக்கிறது.

ஆனால் மறுபடியும் அந்த எண்ணம். லிங்கதுரை கோபப்பட்டால்கூடச் சமாளிக்கலாம். அவர் கெட்டிக்காரராக இருந்துவிட்டால்? மடிப்பை மாற்றினால் போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டால்? கபடியை முதலில் உள்ளே மடித்து, அண்ணாச்சியை மேலே மூடினால், அண்ணாச்சி முகப்பாகிவிடுவார். கொஞ்சம் புடைக்கும், வலப்பக்கத்திலிருந்து திறக்க வேண்டியிருக்கும்; யார் கவலைப்படப் போகிறார்கள்? மறுபடி அச்சடிக்க வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இரண்டு பெண்கள் உட்கார்ந்து மாற்றி மடித்தால் முடிந்தது. அவள் கையாலேயே. அதை நினைத்ததும் கையில் இருந்த ஸ்கேல் கனத்தது. என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மெஷினில் மாறிவிட்டது. யார் நம்புவார்கள்? நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன். இது நம்பும்படி இருக்கிறது, உண்மையும்கூட. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, ஐயோ அண்ணே, மடிச்சா இப்படி வரும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது என்று சொல்லலாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள், மடிப்புத் தெரியாதவள் ஆகலாம். அப்படிச் சொன்னால் ஒருவேளை காரியம் நடக்கும். நடந்தால்? இந்த எழுத்து தற்செயலாக முன்னால் வந்ததாக ஆகிவிடும். தவறிப்போய் வந்த எழுத்து. அந்தக் காலை அவ்வளவு தூரம் நீட்டியது தவறிப்போயா? அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கோபத்தில் ஸ்கேலை அழுத்தி இழுத்ததில் ஒரு தாள் கிழிந்தது. வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

லிங்கதுரை எப்போதும்போல ஒரு காலைச் சாய்த்துப் போட்டு நடந்து வந்தார். “வேல முடிஞ்சிட்டாம்மா? அங்க பந்தலு போட்டாச்சு, லைட்டு போட்டாச்சு, பிள்ளைக ரெண்டு டீம் வந்து எறங்கியாச்சு” என்று சொல்லிக்கொண்டே அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். முகப்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு நேரம் அவர் அதைப் பார்ப்பார் என்று சுயம்புக்கனி எதிர்பார்க்கவில்லை. பிறகு பின்னால் திருப்பினார், பெயர்ப் பட்டியல். மறுபடி முன்னால் திருப்பினார். “அண்ணாச்சி எங்க?”

“உள்ள இருக்காவ” என்றாள் புஷ்பக்கா, தலை நிமிராமல்.

அவர் திறந்தார். அண்ணாச்சி வலப்பக்கத்திலிருந்து சிரித்தார். “யம்மா, என்ன காரியம் பண்ணிட்டிய? அண்ணாச்சியை முன்னால போடச் சொன்னேம்லா?” என்றவர், பதில் வருவதற்குள் தாளை முழுக்கப் பிரித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். சுயம்புக்கனி பார்த்துக்கொண்டே இருக்க, அவள் பயந்தது அப்படியே நடந்தது. கபடியை உள்ளே மடித்து, அண்ணாச்சியை மேலே மூடி, கையால் தட்டினார். “இந்தா, இப்படி மடிச்சாப் போச்சு!” மேஜைமேல் வைத்தார். ஒடுக்கமாக வெட்டிய பக்கம் மேலே வந்ததால் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் அடியில் கிடந்த தாள் எட்டிப் பார்த்தது. உள்ளே அகலமான பக்கம் இடித்துக்கொண்டு நின்றதால் நடுவில் புடைத்தது. கையை எடுத்ததும் அண்ணாச்சி மெல்ல மெல்ல வாயைப் பிளந்துகொண்டு எழுந்தார். லிங்கதுரை அழுத்தினார். மறுபடி எழுந்தார். “அண்ணாச்சிக்கு வயிறு தள்ளுது” என்றாள் புஷ்பக்கா. யாரும் சிரிக்கவில்லை.

லிங்கதுரை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. “தெரியாம நடந்துபோச்சு, என்னம்மா? நானும் போன்ல பாத்துச் சொன்னேன். மடிச்சா இப்படி வரும்னு ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார். அவள் ஒத்திகை பார்த்த வசனத்தை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். ஆமாண்ணே. அவ்வளவுதான். வாய்வரைக்கும் வந்தது.

“தெரியும்ணே” என்றாள். “நான் மொதல்ல அண்ணாச்சியைத்தான் முன்னால வச்சிருந்தேன். நீங்க இடது பக்கம் கேட்டிய. அப்படிப் போட்டா அவுக உள்ள போவாவன்னு எனக்குத் தெரியும். சொல்லணும்னு அடிச்சேன், அழிச்சிட்டேன். மடிச்சும் காட்டல.” அதோடு நிறுத்தவில்லை. “ஆடுதது பிள்ளைக. முன்னால பிள்ளைகதான் இருக்கணும்னு தோணுச்சு. அது மட்டும் இல்ல. இது நான் எழுதுனது. நல்லா எழுதியிருக்கேன். உள்ள போக மனசு வரல.”

புஷ்பக்கா மடிப்பதை நிறுத்திவிட்டாள். லிங்கதுரை சுயம்புக்கனியையே பார்த்தார். இத்தனை வருஷம் இந்த அச்சகத்துக்கு வந்துபோகிறவர், கம்ப்யூட்டரையும் அதற்கு முன்னால் இருக்கிற ஒரு முதுகையும் பார்த்துப் பழகியவர். மேஜைமேல் கிடந்த தாளை எடுத்து இப்போது சரியாக, கபடி மேலே வரும்படி மடித்தார். மடிப்பில் கட்டைவிரல் நகத்தை இழுத்தார். படிந்தது. “நாளைக்கு மேடையில வச்சு அண்ணாச்சி கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

“நான் போட்டேன்னு சொல்லுங்க. எம்பேரச் சொல்லுங்க.”

லிங்கதுரை கொஞ்சம் கூச்சத்தோடு, “ஒங்க பேரு என்னம்மா?” என்று கேட்டார்.

“சுயம்புக்கனி.”

அவர் நாளைக்கு வரைக்கும் காத்திருக்கவில்லை. அங்கேயே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தார். தப்பிக்க வேண்டுமென்றால் வெளியே போய்ப் பேசியிருப்பார். “அண்ணாச்சி, நோட்டீஸ் ரெடி. ஒரு விசயம். முன்பக்கம் கபடின்னு எழுத்து இருக்கு. நீங்க உள்ள இருக்கிய.” மறுமுனையில், அண்ணாச்சி கடையில் ஒரு தராசுத் தட்டு விழுகிற ஓசை. பிறகு கரகரப்பாக, “உள்ளன்னா எங்கடே?” என்று வந்தது. “தெறந்த ஒடனே, அண்ணாச்சி. வலப்பக்கம்.” “கூட யாரு இருக்கா?” “யாரும் இல்ல அண்ணாச்சி, நீங்க மட்டுந்தான்.” “அந்த யூனியன் சேர்மன்?” “அவரு பின்பக்கம், பட்டியல்ல.” “அப்பம் சரி.” சுயம்புக்கனிக்கு அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, உரக்கச் சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது. சேர்மன் பக்கத்தில் இல்லை என்றால் அண்ணாச்சிக்கு எந்தப் பக்கமும் சரிதான்; அத்தனை பயமும் இந்த ஒரு கேள்விக்காகவா! போன் இன்னும் பேசியது. “எழுத்து எப்படி இருக்கு? சும்மா சொல்லாத.” லிங்கதுரை கையில் இருந்ததைப் பார்த்தார். “அண்ணாச்சி, கால் எட்டுத மாதிரியே இருக்கு. நான் பாத்ததுல இப்படி எவனும் எழுதுனதில்ல. சுயம்புக்கனின்னு ஒரு அம்மா, இங்கதான் இருக்காவ.” “பொம்பளையா? அப்பம் நாளைக்கு மேடைக்கு வரச்சொல்லு. ஒரு பொன்னாடை போட்ருவோம்.”

லிங்கதுரை போனை அவள் பக்கமாக நகர்த்தினார். மேடை என்றால் நாற்காலி, மாலை, முன்னிலை வகிப்போர் எல்லோரும் பேசி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். களத்துக்குள் வருகிறவர்கள் முகம் அங்கிருந்து தெரியாது.

“பொன்னாடை வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் சுயம்புக்கனி, போனுக்கு அருகில் குனிந்து, சத்தமாகவே. “நான் வாசல்ல நிக்கேன். வாரவுக ஒவ்வொருத்தர் கையிலயும் இத நானே குடுப்பேன்.”